ஹாம் ரேடியோ: வெள்ளத்தில் கைகொடுப்பது கருவியா, காலை நேரப் பேச்சா?

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்கள்தாம். இந்தச் சமயத்தில் இப்பக்கத்துக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே திசையில் போகின்றன. ஆன்லைனில் வாக்கி-டாக்கி வாங்கி வைத்துக்கொள்ளலாமா? மழைக்கு முன் ஹாம் உரிமம் கிடைக்குமா? செல்போன் செத்துவிட்டால் ஹாம்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்களே, நம்பலாமா? முதல் இரண்டுக்கும் சுருக்கமான பதில் இருக்கிறது, கடைசியில் தருகிறேன். மூன்றாவது கேள்விக்கு அரசுத் தரப்பு சொல்லிவரும் பதிலில் பாதிதான் உண்மை. அதனால் இன்று அதைத்தான் விரிவாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

பேரிடர் மேலாண்மைத் திட்டங்களில் தகவல் தொடர்பு பற்றிய பகுதியைப் புரட்டினால் ஹாம் ரேடியோவுக்கு, அதாவது உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் ரேடியோவுக்கு, ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள். மற்ற வழிகளெல்லாம் அறுந்த பிறகும் நிற்கும் கடைசி வழி என்பதுதான் அதன் சாரம். படித்தால் தெம்பாக இருக்கும். ஆனால் ரேடியோ என்ற கருவி மட்டும் இருந்தால் போதும், தொடர்பு தானாகக் கிடைத்துவிடும் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. கருவியை இன்றைக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிவிடலாம். வெள்ள இரவில் இருபது பேர் ஒரே அலைவரிசையில், ஒருவர் பேச்சை மற்றவர் நசுக்காமல், தகவலைத் திரியாமல் கைமாற்றுவது வேறு விஷயம். அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஹாம்காரர்களுக்கு அந்தப் பழக்கத்தைத் தருவது அவர்கள் தினமும் காலையில் நடத்தும் 'நெட்'. திட்டம் எழுதுபவர்கள் அந்த நெட்டைப் பொழுதுபோக்கின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

வெளியாள் ஒருவர் அந்த நெட்டைக் கேட்டால் அப்படித்தான் நினைப்பார். ஒருவர் தன் அழைப்புக் குறியான கால்சைனைச் சொல்லிச் செக்-இன் செய்கிறார். நேற்று ராத்திரி தங்கள் பகுதியில் பெய்த மழையைச் சொல்கிறார். புதிதாகக் கட்டிய ஆன்டெனா சரியாக மேட்ச் ஆகவில்லை என்று குறைப்படுகிறார். இன்னொருவர் முழங்கால் வலிக்குப் பார்த்த டாக்டரைப் பற்றிப் பேசுகிறார். எண்பதை நெருங்கும் ஒரு பெரியவரின் சிக்னல் இன்று கரகரக்கிறது என்று யாரோ சொல்ல, பேட்டரி இறங்கியிருக்கும், சாயந்திரம் வந்து பார்க்கிறேன் என்று அடுத்த தெருக்காரர் பதில் தருகிறார். கடைசியில் எல்லோரும் '73' சொல்லி விடைபெறுகிறார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று புரிய ரிப்பீட்டரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். தரையில் நிற்கும் இருவர் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் கைக்கருவியால் பேசினால், தடையில்லாத சமவெளியிலேயே பத்துக் கிலோமீட்டர்தான் கணக்கு. கட்டடங்கள் நிறைந்த ஊரில் அது இரண்டு, மூன்றாகச் சுருங்கிவிடும். இந்த அலைகள் பூமியின் வளைவைத் தாண்டிப் போவதில்லை. அதனால் உயரமான இடத்தில் ஒரு ரிப்பீட்டரை வைக்கிறார்கள். கீழிருந்து வரும் குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி மற்றோர் அலைவரிசையில் திருப்பி அனுப்புவது அதன் வேலை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சுற்றியுள்ள சமவெளியைக் கழித்துப் பார்த்தால் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால் அதன் ரேடியோ தொடுவானம் 140 கிலோமீட்டருக்கு அப்பால் போகிறது. சட்டைப்பையில் அடங்கும் கருவி ஒன்று, இரண்டு மூன்று மாவட்டங்களுக்குக் கேட்கிறது.

இத்தனை பேரும் கேட்பது ஒரே வாசல் வழியாக. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. செல்போனில் இருவர் பேசும்போது மூன்றாமவர் கூப்பிட்டால் எக்ஸ்சேஞ்ச் அவரைக் காத்திருக்கச் சொல்லும். ரிப்பீட்டருக்கு அந்த அறிவு இல்லை. இரண்டு பேர் ஒரே சமயம் பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தினால் எஃப்எம் முறையில் வலுத்த சிக்னல் மெலிந்ததை விழுங்கிவிடும். இரண்டும் சம வலுவில் இருந்தால் வெறும் இரைச்சல்தான் வரும். பொத்தானை அழுத்தியிருப்பவருக்கு அந்த நேரத்தில் எதுவும் காதில் விழாது. தன் குரல் விழுங்கப்பட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. வெள்ளத்தில் மாட்டியவர்கள் இருக்கும் தெருவின் பெயரை மூச்சு வாங்கச் சொல்லி முடித்துவிட்டு, தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இதற்கு ஹாம்காரர்கள் கண்டுபிடித்திருக்கும் வழிக்கு ஒரு பைசா செலவில்லை: ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் உடனே பொத்தானை அழுத்தக்கூடாது. ஒரு நொடி, இரண்டு நொடி விடவேண்டும். பேசியவர் பொத்தானை விட்டதும் ரிப்பீட்டர் சற்றுநேரம் வெறுமனே இயங்கிவிட்டு அணையும். அந்த வாலை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஆள் வாயைத் திறக்கலாம். இப்படி விடும் இரண்டு நொடிதான், அவசரத்தில் இருக்கும் ஒருவர் 'பிரேக்' என்று சொல்லிக் குறுக்கே வர இருக்கும் ஒரே கதவு. பெரும்பாலான ரிப்பீட்டர்களில் ஒரு டைமரும் உண்டு. வால் அணைய இடம் கொடுக்காமல் பேச்சை இழுத்துக்கொண்டே போனால், வழக்கமாக மூன்று நிமிடத்தில் அது வாயை அடைத்துவிடும்.

இந்த ஏற்பாடு என்னை மிகவும் கவர்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு மென்பொருள் செய்யவேண்டிய வேலையை, சிலபேர் சேர்ந்து மௌனம் காப்பதால் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மௌனம் பதற்றத்தில் இயல்பாக வராது. தண்ணீர் வாசல்படியைத் தொடும்போது யாருக்குமே விரல் பொத்தானுக்குத்தான் போகும். முழங்கால் வலியையும் முந்தாநாள் மழையையும் பேசிப் பேசி, ஆண்டுக்கணக்கில் தினமும் விட்டுப் பழகிய கைக்குத்தான் அந்த நேரத்திலும் அந்த இரண்டு நொடி தானாக வரும்.

அடுத்தது நெட் கன்ட்ரோல். நெட்டை நடத்தும் அந்த ஒருவர்தான் யார், எப்போது பேசுவது என்று முறை கொடுக்கிறார். அவருக்கு உறுப்பினர்களின் குரல் தெரியும். யார் வீட்டு மாடியில் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, யாருடைய ஆன்டெனா ரிப்பீட்டரைத் தட்டுத்தடுமாறித்தான் எட்டுகிறது, யார் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வார், யார் சற்றுப் பெருக்கிச் சொல்வார் என்பது வரை தெரியும். ஒருவர் குரல் நேராக எட்டாதபோது இடையில் இருக்கும் யாரை 'ரிலே' செய்யச் சொல்வது என்பதும் தெரியும். இந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மாவட்ட நிர்வாகத்திடம் இருப்பது கால்சைன் பட்டியல் மட்டும்தான் என்றால், அதிலிருந்து இதில் ஒன்றைக்கூடத் தெரிந்துகொள்ள முடியாது.

2004 டிசம்பர் 26 இதற்குச் சரியான சாட்சி. அந்தமான் தீவுகளில் ஹாம் நிலையம் நடத்த நெடுங்காலமாக அனுமதி கிடைக்காமலே இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் விடாமல் முயன்று அனுமதி வாங்கி, அந்த மாதம்தான் குழுவோடு போர்ட் பிளேர் போய் வியூ4ஆர்பிஐ என்ற கால்சைனில் பேசிக்கொண்டிருந்தார். உலகெங்கும் இருக்கும் ஹாம்காரர்கள் ஓர் அரிய தீவோடு தொடர்புகொண்டோம் என்று கணக்கில் எழுதிக்கொள்வதற்கான பயணம் அது. பேரிடருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சுனாமி வந்து வழக்கமான தொடர்புகள் அறுந்த பிறகு, அந்த நிலையம் வழியாகத்தான் பல குடும்பங்களுக்கு உற்றார் உறவினரைப் பற்றிய செய்தி போனது. பிறகு ஹாம்காரர்கள் கார் நிக்கோபாருக்கும் போய் அங்கிருந்து தொடர்பு ஏற்படுத்தினார்கள். அன்றைக்கு அங்கே ஆளும் கருவியும் பழக்கமும் தயாராக இருந்ததற்குக் காரணம் பொழுதுபோக்கு. தடை நீடித்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

வருடாவருடம் நடக்கும் காரியத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் மேற்கு வங்கத்தைப் பார்க்கலாம். மகர சங்கராந்தியை ஒட்டி நடக்கும் கங்காசாகர் மேளாவில் கூட்டத்தில் தொலைந்துபோகும் முதியவர்களையும் மொழி தெரியாத யாத்ரீகர்களையும் குடும்பத்தோடு சேர்க்க அங்குள்ள ஹாம்காரர்கள் உழைக்கிறார்கள். ஊர்ப் பெயரைக்கூடத் தெளிவாகச் சொல்ல முடியாத ஒரு பாட்டியின் பேச்சுவழக்கை வைத்து மாநிலத்தைக் கணித்து, அந்த மாநிலத்து ஹாம் நண்பரைப் பிடித்து, அவர் வழியாக ஊரைத் தேடுகிறார்கள். சம்பளம் இல்லை, படி இல்லை. காலை நெட்டில் ஏற்பட்ட சிநேகம்தான் அங்கேயும் வேலை செய்கிறது.

இனி எனக்குக் கவலை தரும் பகுதி. திட்டங்கள் எண்ணிக் காட்டும் ரிப்பீட்டர்களில் பெரும்பாலானவை சங்க உறுப்பினர்கள் கைக்காசு போட்டு வாங்கி, யாரோ ஒருவருடைய கோபுரத்தில், யாரோ ஒருவருடைய மின்சாரத்தில் ஓட்டுபவை. இடி விழுந்து பழுதானால் நான்கு பேர் சேர்ந்து மலை ஏறிப் போய்ச் சரிசெய்கிறார்கள். பேட்டரி மாற்றும் செலவை விருப்பமுள்ளவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். காலை நெட்டில் கேட்கும் குரல்களில் ஓய்வுபெற்றவர்களின் குரலே அதிகம். 'கடைசி வழி' என்று அரசு எழுதும் ஒன்றின் பேட்டரிச் செலவை ஓய்வூதியக்காரர்கள் தாங்கவேண்டியிருப்பது நியாயமில்லை. சர்வதேச ரேடியோ ஒழுங்குமுறைகளின் 25-ஆம் பிரிவு, பேரிடர்த் தொடர்புக்கு அமெச்சூர் நிலையங்கள் தயாராவதற்கு வேண்டிய நடவடிக்கைகளை எடுக்கும்படி நாடுகளை ஊக்குவிக்கிறது. தயாராவது என்பதற்குள் மலை உச்சிப் பேட்டரியும் அடக்கம் என்றே நான் படிக்கிறேன்.

ஒத்திகைகளிலும் இதே குறைதான். வெயிலடிக்கும் நாளில், மின்சாரம் இருக்கும் அலுவலகத்தில் மேசை போட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ரிப்பீட்டர் வழியாக நான்கு வாக்கியம் பேசிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டால் அதனால் எதுவும் தெரியவராது. ரிப்பீட்டரை அணைத்துவிட்டு ஒத்திகை நடத்தவேண்டும். அப்போதுதான் யார் யாருக்கு நேரடியாகக் கேட்கிறது, எந்த வட்டம் இருளில் இருக்கிறது என்பது தெரியும். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரியும். அந்த அலைவரிசைக்கு வேண்டியது சுமார் 20 மீட்டர் கம்பி. அதை நடுவில் பிரித்து, இரண்டு தென்னைமரங்களுக்கு இடையே உயரம் அதிகமில்லாமல் கட்டினால், சிக்னல் செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் மழைபோல இறங்கும். பகலில் மலையும் வேண்டாம், ரிப்பீட்டரும் வேண்டாம். இருட்டிய பிறகு பக்கத்து ஊர்கள் மங்கிவிடும் என்பதால், எதை எந்த நேரத்தில் பயன்படுத்துவது என்பதையும் முன்கூட்டியே பழகியிருக்கவேண்டும்.

மற்றக் கேள்விகள்:

வாக்கி-டாக்கி வாங்கி வைக்கலாமா? 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும், அங்கீகாரம் பெற்ற குறைந்த சக்திக் கருவிக்கு உரிமம் தேவையில்லை. மற்றவற்றுக்குத் தேவை, விவரம் சொல்லாமல் ஆன்லைனில் விற்பதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது.

மழைக்கு முன் ஹாம் உரிமம்? தேர்வு எழுதி உரிமம் கைக்கு வர நாளாகும். அடுத்த மழையை மனத்தில் வைத்து இப்போதே தொடங்குங்கள்.

வயது? 12 நிரம்பியிருந்தால் போதும்.

மோர்ஸ் கட்டாயமா? கட்டுப்படுத்தப்பட்ட நிலை உரிமத்துக்குத் தேவையில்லை, பொது நிலைக்கு வேண்டும்.

துபாயில் இருக்கும் மகனுக்கு ஹாம் வழியாக இலவசமாகச் செய்தி அனுப்பலாமா? சாதாரண நாளில் முடியாது. பிறர் செய்தியைக் கொண்டுபோவது அவசரத்துக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் மட்டும்.

பேசுவது ரகசியமாக இருக்குமா? இருக்காது. சங்கேத முறையில் மறைத்துப் பேசுவதற்கு அனுமதி கிடையாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எனவே இறந்தவர்களின் பெயர்களைக் காற்றில் விடாமல் இருக்க நல்ல நெட் கன்ட்ரோல் பார்த்துக்கொள்வார்.

எங்கே தொடங்குவது? உங்கள் மாவட்டத்தில் காலை நெட் நடத்துபவர் யார் என்று விசாரியுங்கள், அனுமதி கேட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உரிமம் வரும்வரை பொத்தானைத் தொடவேண்டாம்.