நமுத்துப்போவதற்குள் சாப்பிடுங்கள்

நல்ல பான் மி என்றால், முனையைக் கடித்ததும் மேல்தோல் நொறுங்கிச் சட்டையில் உதிர வேண்டும். நம் ஊரில் சூப்பில் போட்டுத் தரும் பான் மீ நூடுல்ஸைச் சொல்லவில்லை. இது வியட்நாம் ரொட்டி. ஒரு சாண் நீள ரொட்டியை வகிர்ந்து, முட்டையும் எண்ணெயும் சேர்த்துக் கடைந்த வெண்ணெய் தடவி, ஈரல் விழுது, இறைச்சித் துண்டுகள், காடியில் ஊறிய கேரட், வெள்ளை முள்ளங்கி, வெள்ளரிக்காய், மல்லித்தழை, மிளகாய் எல்லாம் அடைத்துத் தருவார்கள்.

1859-இல் சைகோனைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களோடு கோதுமை ரொட்டியும் அங்கே போய்ச் சேர்ந்தது. அதே ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர்கள் வேலைக்கும் வியாபாரத்துக்கும் சைகோனுக்குப் போனார்கள். அவர்கள் கும்பிட்ட மாரியம்மன் கோயில் இன்றும் அந்நகரில் இருக்கிறது. 1975-க்குப் பிறகு வியட்நாமிலிருந்து படகேறிய அகதிகளில் பெருந்தொகையினர் திரெங்கானு கரைக்கு எதிரே உள்ள பூலாவ் பீடோங் தீவில் தங்கி, அங்கிருந்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பிரிந்தார்கள். அப்படிப் போனவர்களின் கைப்பக்குவம்தான் பான் மியை உலகறியச் செய்தது. இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கிலும் விற்கிறார்கள்.

ஆனால் இங்கே அந்த மேல்தோலின் மொறுமொறுப்பைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. நம் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். விடியற்காலையிலும் மழை பெய்து ஓய்ந்த மாலையிலும் இன்னும் ஏறும்.

அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் ரொட்டிக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பகுதியில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது என்பதால் அந்தப் பகுதி வெந்து வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. மேல்தோலோ ஈரம் வற்றி 100-ஐத் தாண்டிச் சூடேறுகிறது. சுமார் 140 பாகைக்கு மேல் மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் வேகமாக வினைபுரிந்து பொன்னிறமும் வாசமும் தருகின்றன. 1912-இல் லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை இது. நம் தோசை பொன்னிறமாவதும் அதனால்தான்.

வறண்ட மாவுச்சத்தை அறிவியலாளர்கள் ‘கண்ணாடி நிலை’யில் இருப்பதாகச் சொல்வார்கள். மூலக்கூறுகள் அசைய முடியாமல் இறுகிக் கிடப்பதால் கடித்தால் வளையாது, ‘படக்’கென்று உடையும். அதற்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் போதும், மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கிவிடும். உடைய வேண்டியது ரப்பர்போல இழுபடும். மழை நாளில் டின்னை மூடாமல் விட்டால் முறுக்கு நமுத்துப்போகிறதே, அதே இயற்பியல்தான். முறுக்குக்குக் காற்று ஒன்றுதான் எதிரி. பான் மிக்கு உள்ளிருக்கும் ஈரமும் எதிரி. நடுவிலிருந்து மேல்தோலை நோக்கித் தண்ணீர் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

மொறுமொறுப்பு நாக்குக்கு மட்டும் சொந்தமில்லை, காதுக்கும் பங்கு உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்சும் மாசிமிலியானோ சாம்பினியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், உருளைக்கிழங்குச் சிப்ஸ் கடிப்பவர்களின் காதில் கடிக்கும் ஒலியை மாற்றிக் கேட்கவைத்தார்கள். ஒலி கூடியபோது அதே சிப்ஸ் இன்னும் புதிதாக, இன்னும் மொறுமொறுப்பாக இருப்பதாக அவர்கள் சொன்னார்கள்.

வண்டியில் பான் மி விற்கும் தேர்ந்த கைக்காரரைக் கவனித்தால் இந்த அறிவியல் அத்தனையும் தெரியும். ரொட்டியை முன்கூட்டியே அடைத்து அடுக்கி வைக்கமாட்டார். கேட்ட பிறகுதான் எடுத்து அனலில் காட்டுவார். மேல்தோல் ஏற்றுக்கொண்ட ஈரம் ஆவியாகி அது மறுபடி கண்ணாடி நிலைக்குப் போகும். உள்ளே இறுகிய மாவுச்சத்தும் இளகும். ரொட்டி பழசாவது காய்ந்துபோவதால் மட்டுமல்ல என்பதையும், 60 பாகைக்குச் சூடாக்கினால் திரும்ப மென்மையாகும் என்பதையும் பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852-லேயே காட்டிவிட்டார். அடுத்து வெண்ணெயை உள்பக்கம் ஓரம்வரை தடவுவார். அது ருசிக்கு மட்டுமல்ல. ஊறுகாயின் நீர் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும் கொழுப்புச் சுவர். கேரட், முள்ளங்கியைப் பிழிந்து வடித்துவிட்டு வைப்பார். கடைசியில் காகிதத்தில் சுற்றுவார், ஆவி வெளியேற வழி இருக்கட்டும் என்று.

உள்ளே அடைக்கும் மல்லித்தழை மட்டும் சிலருக்குச் சோப்புபோல நாறும். டொரண்டோவில் இளைஞர்களிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கிழக்காசிய வம்சாவளியினரில் 21 விழுக்காட்டினர் அதை வெறுத்தார்கள். தெற்காசிய வம்சாவளியினரில் 7 விழுக்காட்டினர் மட்டுமே. ரசத்திலும் சட்னியிலும் அதோடு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். பச்சை முட்டையில் கடைந்த வெண்ணெயும் ஈரல் விழுதும் நுண்ணுயிர்களுக்கு விருந்து. 2024 ஏப்ரல் கடைசியில் வியட்நாமின் டோங் நாய் மாநிலத்து லாங் கான் நகரில், ஒரே கடையின் பான் மியைச் சாப்பிட்டு 500-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். பரிசோதனையில் சால்மோனெல்லா தென்பட்டது. தோதான சூட்டில் இந்த நுண்ணுயிர் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். உணவை 5 பாகைக்குக் கீழோ 60 பாகைக்கு மேலோ வைக்க வேண்டும், சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதற்காகத்தான். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மத்தியான வெயில் அந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

மலேசியாவின் 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி உணவைக் கையாள்பவர்கள் பயிற்சி பெற வேண்டும், டைபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஊசி டைபாய்டு கிருமியிலிருந்து மட்டும்தான் காக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, வயிற்றைக் கெடுக்கும் மற்ற சால்மோனெல்லாக்களை அது தடுக்காது. வெயிலில் திறந்து கிடக்கும் வெண்ணெய்க் கிண்ணத்துக்கு ஊசியால் பயனில்லை. ஐஸ் பெட்டிதான் வேண்டும். காடியின் புளிப்பு காய்கறியைக் காக்கும், பக்கத்திலிருக்கும் ஈரல் விழுதைக் காக்காது.

ஆகவே வண்டியில் முதலில் ரொட்டியைப் பார்க்காதீர்கள், ஐஸ் பெட்டியைப் பாருங்கள். வெண்ணெயும் விழுதும் அதிலிருந்து வந்தால் வாங்குங்கள். வெயிலில் இருந்தால், எவ்வளவு பசித்தாலும் நகர்ந்துவிடுங்கள். ‘இங்கேயா, தப்பாவா?’ என்று கேட்டால் இங்கே என்று சொல்லி, நின்றபடியே சாப்பிட்டுவிடுங்கள். கட்டாயம் வீட்டுக்குத்தான் என்றால் ஊறுகாயைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், நெகிழிப் பையை முடிச்சுப் போடாமல் வாங்குங்கள், போனதும் சாப்பிடுங்கள். வெறும் ரொட்டி மிஞ்சினால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம், அந்தக் குளிரில்தான் அது சீக்கிரம் பழசாகும். உறைபெட்டியில் வைத்து மறுநாள் சூடாக்கிக்கொள்ளுங்கள். முட்டை வெண்ணெய் தடவியது நேரம் கடந்து மிஞ்சியிருந்தால் குழந்தைகளுக்கோ வயதானவர்களுக்கோ கர்ப்பிணிகளுக்கோ கொடுக்காமல் வீசிவிடுங்கள்.