திருச்சபையும் பால்புதுமையினரும்



வட்டுக்கோட்டைக்குச் சென்றவர்கள் அங்குள்ள பழைய பேராலயத்தைக் கண்டிருப்பார்கள். அமெரிக்க மிஷனரிமார் 1816 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டை செமினரியும், 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் எழுந்தன. அவர்களை அனுப்பியது 1810 இல் அமெரிக்காவில் தோன்றிய மிஷன் சங்கம். அச்சங்கம் வளர்த்த சபைகள் 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையிற் சேர்ந்து யாழ்ப்பாண ஆதீனமாயின. இவ்வளவும் நம்மவர் பலர் அறிந்ததே. அதே தாய்ச்சங்கம் பின்னாளிற் சென்ற வழியோ இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. இன்றைய பேச்சு அவ்வழியைப் பற்றியது.

தம் பாலாரையே விரும்புவோர், இரு பாலாரையும் விரும்புவோர், பிறப்பிற் குறிக்கப்பட்ட பாலின் வேறாகத் தம்மை உணரும் திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரை இன்று பால்புதுமையினர் என்று பொதுப்பட அழைக்கிறோம். இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர். நம் ஆலயங்களிலே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஓய்வுநாட் பாடசாலையிற் படித்தவர்கள். பாடகர் குழுவில் நின்று பாடுபவர்கள். ஆகவே, உள்ளே இருக்கும் ஒருவர் தாம் இன்னாரென்று சொன்ன பின்பும் அங்கே நிம்மதியாய் இருக்கலாமா என்பதே சபையின் முன்னுள்ள கேள்வி.

முதலில் தாய்ச்சங்கத்தின் கதையைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1957 இல் இரு திருச்சபைகள் இணைந்து ஐக்கிய கிறிஸ்து சபை உண்டாயிற்று. யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமாரை அனுப்பிய சங்கமும் 1961 இல் அதன் உறுப்பாயிற்று. அச்சபை 1972 இல், தாம் தற்பாலீர்ப்புடையவர் என்று வெளிப்படையாகக் கூறிய வில்லியம் ஜோன்சன் என்பவரைக் கலிபோர்னியாவிலே குருவாக அபிஷேகம் செய்தது. 1985 இல் அதன் பொதுச் சினட், ஒவ்வொரு சபையும் இவர்களை முழு உறுப்பினராக வரவேற்பதாக அறிக்கையிடும்படி கேட்டுக்கொண்டது. இது மேலிருந்து வந்த கட்டளை அன்று. ஒவ்வோர் ஊர்ச்சபையும் கூடி, வேதத்தை ஆராய்ந்து, பெற்றோரின் துயரையும் பிள்ளைகளின் துயரையும் கேட்டு, அதன் பின்பே வாக்களிக்கும். சில சபைகள் இதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டன, சில மறுத்துவிட்டன. தாய்ச்சங்கத்தின் முடிவு நம் ஆதீனத்தைக் கட்டுப்படுத்தாது. எனினும் நமக்கு எழுத்தறிவித்தோரின் வழியில் வந்தவர்கள் இவ்வாறு எண்ணத் தலைப்பட்டார்கள் என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

ஏனைய சபைகள் ஒரே நிலையில் இல்லை. யாழ்ப்பாணக் கிறிஸ்தவருள் மிகப் பலர் கத்தோலிக்கர். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்குமே உரியது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. தற்பாலீர்ப்புடையோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாடு கூடாது என்று 1992 இல் வெளிவந்த அதன் மறைக்கல்வி நூல் கூறுகிறது. 2023 இல் ரோமாபுரி, திருநங்கையரும் திருநம்பியரும் ஏனையோரைப் போலவே ஞானஸ்நானம் பெறலாம் என்று விளக்கியது. அதே ஆண்டு டிசெம்பரில், திருமணச் சடங்கென்று தோன்றாத வகையில் தற்பாலிணையரைக் குருமார் ஆசீர்வதிக்கலாம் என்றும் அனுமதித்தது. ஆங்கிலிக்கன் ஆயர்கள் 1998 இல் இலம்பெத்திற் கூடியபோது, தற்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதென்று தீர்மானித்தனர். அதே தீர்மானத்திலே, இவர்கள் கடவுளின் அன்புக்குரிய முழு உறுப்பினர் என்றும், இவர்களுடைய அனுபவத்தைச் செவிமடுப்போம் என்றும் உறுதிகூறினர். அக்கரையில், செங்கற்பட்டுக்கு அண்மையில், பாரதி என்னும் திருநங்கை 2011 ஆம் ஆண்டளவில் இறையியல் கற்றுப் போதகராய்ப் பணிபுரியத் தொடங்கினார்.

இனி, வேதம் என்ன சொல்லுகிறது என்று கேட்பீர்கள். மறுப்போர் ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றையும் ரோமருக்கு எழுதிய நிருபத்தையும் காட்டுவர். அவர்களுடைய பக்தியை நாம் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு நூலிழையும் வேதத்திலே ஓடுகிறது. அண்ணகர் சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் விலக்கியது. ஏசாயாவோ, அண்ணகன் தன்னைப் பட்டமரமென்று எண்ண வேண்டாம், தேவனுடைய வீட்டிலே புத்திரரினும் புத்திரிகளினும் மேலான பெயர் அவனுக்கு உண்டு என்று அறிவித்தார். அப்போஸ்தலர் நடபடிகளிலே பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியர் அத்தகையவரே. கிரேக்க மூலத்திலே அண்ணகன் என்று பொருள்படும் சொல் நிற்கும் அவ்விடத்தில், நாம் வழக்கமாய் வாசிக்கும் தமிழ் வேதாகமம் மந்திரி என்று எழுதியுள்ளது. அதனால் தலைமுறை தலைமுறையாக நாம் அரண்மனை அதிகாரி ஒருவரின் கதையாகவே அதைக் கேட்டு வந்தோம். அக்கால அண்ணகரும் இக்காலப் பால்புதுமையினரும் முற்றும் ஒருவரே என்று சொல்ல முடியாது. ஆயினும் முன்பு விலக்கப்பட்டவர் பின்பு சேர்க்கப்பட்டார் என்பது தெளிவு.

சபைக்கு வெளியே நாட்டின் சட்டமும் இவர்களை அழுத்தி வந்திருக்கிறது. 1883 இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை தற்பாலுறவைக் குற்றமாக்கியது. 1995 இன் திருத்தம் பெண்களையும் அதனுள் அடக்கியது. இதனை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோதும் அது நிறைவேறாமலே இருந்தது. பால்மாற்றத்தைப் பிறப்புச் சான்றிதழிற் பதியும் வழி மட்டும் 2016 இல் திறந்தது. இந்நிலையில், ஒருவர் குருவானவரிடம் அந்தரங்கமாய்ச் சொன்னது ஊர்வாயில் விழுந்தால் அவருடைய வேலையும் வீடும் போகலாம். ஆகவே வரவேற்பின் முதற்படி இரகசியத்தைக் காப்பதே.

அடுத்த படிகளும் எளியவையே. மகனுக்கு அவசரமாய்க் கலியாணம் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெற்றோருக்கு ஆலோசனை சொல்லாதிருத்தல் வேண்டும். அதனால் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வும் கெடும். பேயென்று கருதி விரட்ட முயலுதல் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே தற்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலினின்றும் நீக்கிவிட்டது. திருநங்கையை அவர் ஏற்ற பெயரால் அழைத்தல், மாதர் சங்கத்தில் இடமளித்தல், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைக்காகப் பெற்றோரிடம் சென்று பேசுதல், இறந்தபின் சேமக்காலையில் மற்றவரோடு இடம் கொடுத்தல் ஆகியன திருமணம் பற்றிய வாதம் முடியும் வரை காத்திருக்க வேண்டியவை அல்ல.

யாழ்ப்பாணத்தில் 1929, 1930 ஆம் ஆண்டுகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பாடசாலையில் ஒரே வாங்கில் இருக்கலாமா என்று பெருங்கலகம் நடந்தது. அன்று எதிர்த்தவரும் வழக்கத்தையும் ஒழுங்கையும் காட்டியே எதிர்த்தனர். இன்று அவ்வாங்கிலே நம் பேரப்பிள்ளைகள் அருகருகே அமர்ந்து படிக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நமக்குப் பக்கத்தில் அமர்பவர் எதை மறைத்து அமர்ந்திருக்கிறார் என்பதை நாம் அறியோம். அவர் கேட்க நாம் பேசும் பேச்சாவது அவருடைய பாரத்தைக் கூட்டாதிருக்கட்டும்.