ஒரே கதை, ஊருக்கொரு பெயர்

எல்லை தாண்டும் தொலைக்காட்சித் தொடர்களில் முதலில் மாறுவது தலைப்புதான். கதை யாருடையது என்பதே அதில் மாறிவிடுகிறது.

கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில் வாளையாரைத் தாண்டியதும் கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. சிறிது தொலைவில் கஞ்சிக்கோடு. தொழிற்பேட்டை, ரயில் நிலையம், வரிசையாக நிற்கும் லாரிகள் என்று வேலைக்காகவே உருவானது போன்ற ஊர். தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசும் இடம் இது. டிவி ரிமோட்டும் அப்படித்தான். ஏஷியாநெட்டுக்கும் விஜய்க்கும் நடுவே ஒரு பொத்தான் தூரம்தான்.

இரு மொழியும் தெரிந்தவருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு சேனலில் பார்த்து அழுத கதையையே இன்னொரு சேனலில் வேறு புடவை கட்டிய வேறொரு பெண்ணோடு மறுபடி பார்க்க நேரிடும். சில வாரங்கள் பார்த்த பிறகே பொறி தட்டும், 'அட, இது அதுதானே' என்று. உடனே தெரியாமல் போவதற்குக் காரணம் பெயர். 'வானம்பாடி'யும் 'மௌன ராக'மும் ஒரே கதை என்று தலைப்பைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

இரண்டும் 2017இல் தொடங்கின. மூலம் வங்காளத்தில், ஸ்டார் ஜல்ஷா 2015இல் ஒளிபரப்பத் தொடங்கிய 'பொட்டோல் குமார் கானவாலா'. தந்தை யாரென்று ஊருக்குத் தெரியாமலே அவர் வீட்டுக்கு வந்து சேரும் பாட்டுக்காரச் சிறுமியின் கதை. சிறுமி பொட்டோல் ஆண்பிள்ளை வேடம் போடுகிறாள். அதனால் 'குமார்'. பாடுகிறவள் என்பதால் 'கானவாலா'. வேடமும் தொழிலும் தலைப்பிலேயே வந்துவிட்டன. தெலுங்கில் அவள் 'கோயிலம்மா' ஆனாள், அதாவது குயிலம்மா. மலையாளத்தில் 'வானம்பாடி'. பறவை மாறினாலும் பாட்டு நிற்கவில்லை.

தமிழில்தான் பாட்டு நின்றது. 'வானம்பாடி' தமிழுக்கும் சொந்தமான சொல். 1963இல் வந்த திரைப்படத்தின் பெயர் அது. கஞ்சிக்கோட்டிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போய்விடக்கூடிய கோவையில், 1970களின் தொடக்கத்தில் புதுக்கவிதைக்காரர்கள் கூடி இதே பெயரில் பத்திரிகை நடத்தினார்கள். கையருகே கிடந்த அந்தப் பெயரை விட்டுவிட்டு, மணிரத்னம் 1986இல் எடுத்த படத்தின் பெயரை விஜய் எடுத்துக்கொண்டது. பாடும் சிறுமியின் கதைக்கு மௌனத்தைத் தலைப்பாக வைத்தது பொருத்தமா என்று கேட்கலாம். ஆனால் படத்தின் பெயருக்கு அறிமுகம் தேவையில்லை. மக்களுக்கு அது ஏற்கெனவே பிடித்த பெயர்.

அந்தக் காலகட்டத்தில் விஜய்க்கு இதுவே வழக்கமாக இருந்தது. 'சின்னத்தம்பி', 'ஈரமான ரோஜாவே', 'அரண்மனைக் கிளி', 'நெஞ்சம் மறப்பதில்லை' என்று ஒவ்வொரு தொடருக்கும் பின்னால் ஒரு பழைய படம் நின்றது. சட்டமும் இதற்கு அதிகம் குறுக்கே வருவதில்லை. 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படத் தலைப்பு பற்றிய வழக்கில், வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வணிகச் சின்னமாகப் பதிவு செய்வது வேறு விஷயம்.

தலைப்பின் மேல் இவ்வளவு பாரம் விழுந்ததற்கு இன்னொரு காரணம், தனித்தனி அத்தியாயங்களுக்குப் பெயர் இல்லாமல் போனது. தூர்தர்ஷனில் 1980களில் வந்த 'மால்குடி டேஸ்' தொடரில் ஆர்.கே. நாராயணின் சிறுகதைப் பெயர்களே அத்தியாயப் பெயர்கள். தமிழில் 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்ம தேசம்' கதைக்குக் கதை பெயர் மாற்றிக்கொண்டது. 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை' என்று. இதில் 'விடாது கருப்பு' கிராமத்துக் காவல் தெய்வத்தின் பெயரால் விடும் எச்சரிக்கை. தொடர் முடிந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும், விரட்டி வரும் எதைப் பற்றியும் மக்கள் சொல்லும் வாசகமாக அது இருக்கிறது. தினமும் வரும் மெகா தொடர்கள் பெருகிய பிறகு அத்தியாயத்துக்கு எண் மட்டுமே மிஞ்சியது. ஆயிரத்துச் சொச்சம் நாட்களையும் ஒரே ஒரு தலைப்பு சுமக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தலைப்பு எதைச் சுமக்கிறது, எதைக் கீழே போடுகிறது என்பதற்கு இல்லத்தரசி ஒருத்தியின் கதை நல்ல உதாரணம். வீட்டுக்காக உழைத்து ஓய்ந்த நடுவயதுப் பெண். வேறொருத்தியை நாடும் கணவன். பிறகு சொந்தக் காலில் எழுந்து நிற்கும் மனைவி. லீனா கங்கோபாத்யாய் எழுதிய இந்த வங்காளத் தொடர் 2019இல் 'ஸ்ரீமொயி' என்ற பெயரில் வந்தது. நாயகியின் பெயரே அது. 'திரு நிறைந்தவள்' என்று பொருள் கொள்ளலாம். 2020இல் இந்திக்குப் போனபோது அவள் 'அனுபமா', ஒப்பற்றவள். தமிழில் 'பாக்கியலட்சுமி'. ஏஷியாநெட்டில் 'குடும்பவிளக்கு'.

இங்கே வங்காளமும் இந்தியும் தமிழும் அவளுக்கு ஒரு பெயர் கொடுக்கின்றன. மலையாளத் தலைப்பில் அவளுக்குப் பெயர் இல்லை, பதவி மட்டும்தான். அவள் பெயர் சுமித்ரா என்று தெரிந்துகொள்ளத் தொடரைப் பார்க்க வேண்டும். கஞ்சிக்கோட்டுத் தமிழருக்கு இந்தத் தலைப்பு வேறொன்றையும் நினைவுபடுத்தும். பாரதிதாசன் 1940களில் எழுதிய 'குடும்ப விளக்கு'. அதன் முதல் பகுதி, விடியுமுன் எழும் ஒரு இல்லத்தலைவியின் ஒருநாள் வேலைகளைச் சொல்வது. கவிஞர் அவளை வியந்து பாடினார். தொடரில் வரும் பெண்ணோ அதே விளக்காக எரிந்து கருகியவள். தலைப்பில் இருக்கும் மரியாதைக்கும் கதையில் அவள் படும் பாட்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால், தலைப்பு வைத்தவருக்குக் கொஞ்சம் குறும்பு இருந்திருக்க வேண்டும்.

எல்லோரையும் மிஞ்சியது மராத்தி. 'ஆயி குடே காய் கர்தே'. 'அம்மா எங்கே என்ன வேலை செய்கிறாள்?' அவள் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று சொல்லும் குரல். அந்த ஏச்சையே எடுத்துத் தலைப்பாக வைத்தார்கள். லட்சுமி, விளக்கு என்று கும்பிட்டு ஒதுக்காமல், வீட்டில் தினம் காதில் விழும் வாக்கியத்தைத் திரும்பச் சொன்னதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. தமிழில் அப்படியொரு தலைப்பை எந்தச் சேனலும் வைத்திருக்காது.

ஆனால் தமிழ் எப்போதும் வாங்கும் இடத்தில் மட்டும் இல்லை. 2018இல் விஜய் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' இங்கிருந்து வெளியே போன சரக்கு. அண்ணன் தம்பி நால்வர், மூத்தவரின் மனைவி, ஒரு மளிகைக் கடை. தலைப்பில் இருப்பது கடையின் பெயர். தென்மாவட்டச் சாலைகளில் பத்துக் கடை தாண்டினால் ஒன்று இப்படி இருக்கும். குடும்பத்தை ஒட்டவைப்பது கல்லாப்பெட்டி என்று பச்சையாகச் சொல்லும் தலைப்பு.

கன்னடத்தில் கடை நிலைத்தது. ஆனால் சாமி பெயர் சேர்ந்து 'வரலட்சுமி ஸ்டோர்ஸ்' ஆயிற்று. தெலுங்கில் கடை போய் 'வதினம்மா' வந்தாள், அதாவது அண்ணி. மராத்தியில் 'சஹகுடும்ப் சஹபரிவார்', கல்யாணப் பத்திரிகையில் குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் வரச்சொல்லும் வாசகம். நம் பத்திரிகைகளின் 'சுற்றமும் நட்பும் சூழ' போல. இந்தியில் 'பாண்டியா ஸ்டோர்'. கதையைக் குஜராத்தின் சோமநாத்துக்கு மாற்றினார்கள். அங்கே பாண்டியா என்பது குடும்பப் பெயர்; மதுரைப் பாண்டியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒலி ஒத்துப்போனது ஒரு அதிர்ஷ்டம்.

2020இல் ஏஷியாநெட்டுக்கு வந்தபோது பெயர் 'சாந்த்வனம்'. ஆறுதல் என்று பொருள். அது அந்தக் குடும்பம் வாழும் வீட்டின் பெயர். கேரளத்தில் வாயில் தூணில் வீட்டுப்பெயர் இல்லாத வீடு குறைவு. கடிதம்கூட அந்தப் பெயருக்குத்தான் வரும். தமிழில் கடை வாசலில் நின்ற கதை, வாளையாரைத் தாண்டியதும் வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதா என்பது வேறு. வரவு செலவு பேசும் கூட்டுக்குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆறுதல் பேசும் கூட்டுக்குடும்பமாக விற்கப்பட்டது என்பதுதான் விஷயம். 2023இல் தமிழில் 'பாண்டியன் ஸ்டோர்ஸ் 2' வந்தபோது கதையே வேறு. அதில் பாண்டியன் கடைப் பலகை மட்டுமல்ல, ஆள், குடும்பத்தின் தகப்பனார்.

தலைப்பு மாறும்போது சில சமயம் கதையின் வலியே மறைந்துவிடுகிறது. 2014இல் ஏஷியாநெட் தொடங்கிய 'கறுத்தமுத்து' நிறத்தால் ஒதுக்கப்படும் பெண்ணின் கதை. கறுப்பு முத்து என்று தலைப்பே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது. தகழியின் 'செம்மீன்' நாயகி கறுத்தம்மாவைக் கொண்டாடிய மொழிக்கு அந்தச் சொல் கூசவில்லை. நாயகியின் பெயர் கார்த்திகா. 2017இல் தெலுங்குக்குப் போனபோது நாயகன் கார்த்திக், நாயகி தீபா. இரு பெயரையும் ஒட்டினால் 'கார்த்திக தீபம்', ஒரு பண்டிகை. 2019இல் தமிழில் நாயகன் பாரதி, நாயகி கண்ணம்மா. மகாகவியும் அவர் பாடிய கண்ணம்மாவும் ஒரே மூச்சில் நினைவுக்கு வரும். சேரனின் 1997 படமும் அதே பெயர்தான். கேட்க இனிமை. ஆனால் கறுப்பு எங்கே? எதற்காக அந்தப் பெண் அவமானப்பட்டாளோ அந்தச் சொல், கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே வரும்போது தலைப்பிலிருந்து கழற்றிவிடப்பட்டது.

குழப்பம் அதோடு முடியவில்லை. 2022இல் ஜீ தமிழ் 'கார்த்திகை தீபம்' என்ற தொடரைத் தொடங்கியது. தெலுங்குத் தொடரின் பெயர், ஆனால் கதை அதுவல்ல. மூலம் வங்காளத்தின் 'கிருஷ்ணகொலி', கறுத்த பெண்ணைப் பற்றித் தாகூர் எழுதிய கவிதையின் பெயர். அங்கே நாயகி சியாமா; பெயரிலேயே நிறம். தமிழில் அவள் பெயர் தீபா, நாயகன் பெயர் கார்த்திக்.