கூச்சம் என்னும் சொல்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது. மூதூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு வயதுப் பேத்தியை மடியில் இருத்தி, அவள் கமக்கட்டில் விரலோட்டி விளையாடிக்கொண்டிருந்தேன். குழந்தை கலகலவென்று சிரித்தது. ‘‘கூசுது அம்மப்பா, விடுங்க’’ என்று இடையிடையே சொல்லவுஞ் செய்தது. சிரிக்கின்றதே என்று யான் விட்டேனல்லேன். சற்றைக்கெல்லாம் அச்சிரிப்பு விம்மலாய் மாறிற்று. எத்தனையோ ஆண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவனுக்குக் ‘கூசுது’ என்ற ஒரு சொல்லின் பொருள் அன்று விளங்காமற் போயிற்று. அந்த வெட்கமே ஈண்டு இச்சொல்லை ஆராயத் தூண்டியது.

இச்செயலைத் தமிழகத்தார் ‘கிச்சுக்கிச்சு மூட்டுதல்’ என்பர். சினிமாவும் தொலைக்காட்சியும் அதனை எங்கள் பிள்ளைகளின் நாவிலும் ஏற்றிவிட்டன. எங்கள் வீடுகளில் முதியோர் சொல்லுவது ‘கூச்சங் காட்டுதல்’. கிச்சுக்கிச்சு என்பது இரட்டைக்கிளவி. பிரித்தாற் பொருள் தராது. கன்னடத்தில் ‘கிச்சு’ என்பது தீ. அதனையும் ‘மூட்டுதல்’ என்னும் வினையையும் முடிச்சிட்டு, தீ மூட்டுவது போலச் சிரிப்பை மூட்டுதல் என்று எவரேனும் சொல்லாராய்ச்சி செய்யவுங் கூடும். ஒலிக்குறிப்பொன்றுக்கு அத்துணைப் பெரிய குலமுறை வேண்டுவதில்லை. அக்குள் என்னும் பெயரடியாக ‘அக்குளுத்தல்’ என்றொரு வினையும் அகராதியிற் கிடக்கின்றது. அதனை வாயாற் சொல்லக் கேட்டவர் அரியர்.

கூச்சம் அத்தகையதன்று. அஃது உயிருள்ள சொல். கூசுதல் என்பதன் உட்கிடை சுருங்குதல், பின்வாங்குதல் என்பதே. நண்பகலிற் கொட்டியாரக் குடாவின் நீர்ப்பரப்பை நோக்கினாற் கண் கூசும். இமை தானே மூடிக்கொள்ளும். புளிமாங்காயைக் கடித்தவனுக்குப் பல் கூசும். நாணமுடையவன் சபையிற் பேசக் கூசுவான். நாணமற்றவன் நாக்கூசாமற் பொய் சொல்லுவான். அவனையே ‘கூச்சநாச்சம் இல்லாதவன்’ என்கிறோம். அச்சத்தாலோ வியப்பாலோ உடல் சிலிர்ப்பது மயிர்க்கூச்செறிதல். கண்ணும் பல்லும் நாவும் மனமும் கமக்கட்டும் ஒரே வினையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தாங்கவொண்ணாத ஒன்று நெருங்கும்போது உயிர் தன்னை உள்ளிழுத்துக்கொள்வதே இவையனைத்துக்கும் பொது. இவற்றுள் எங்கேனுஞ் சிரிப்புண்டோ?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களன் நான்கு கூறினார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அக்குளிற் பிறக்குஞ் சிரிப்பு அந்நான்கனுள் அடங்கவில்லை. அடங்காமை பொருத்தமே. உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுவதன்றோ மெய்ப்பாடு? கூச்சங் காட்டப்பட்ட குழந்தையின் நகையோ உள்ளத்தைக் கேளாமல் உடம்பு தானே எழுப்புவது. மெய் உண்டு, அதனுட் பாடு இல்லை.

மேனாட்டாரும் இதனை ஆராயாமலில்லை. மனிதருடைய உணர்ச்சி வெளிப்பாட்டைப் பற்றி 1872இல் நூல் எழுதிய டார்வின், முன்பின் அறியாத ஒருவர் கூச்சங் காட்டினாற் குழந்தை சிரியாது, அஞ்சி அலறும் என்று குறித்தார். 1897இல் அமெரிக்க உளநூலார் ஸ்டான்லி ஹால், ஆர்தர் அல்லின் என்னும் இருவர், மென்மையாகத் தீண்டுதலாற் பிறக்கும் நமைச்சல் வேறு, அழுத்தித் தொடுதலால் எழுஞ் சிரிப்பு வேறு எனப் பகுத்து, இரண்டுக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து பெயர் ஆக்கினர். காதிற் கோழியிறகு விட்டுக் குடைபவர் முன்னதைக் ‘குறுகுறுக்கிறது’ என்பாரேயன்றிக் ‘கூசுகிறது’ என்னார். அப்பாகுபாடு எங்கள் பேச்சில் முன்னரே உண்டு.

தன் விரலால் தன்னையே கூசச் செய்ய எவராலும் இயலாது என்பது பழைய அநுபவம். 1998இல் லண்டன் ஆராய்ச்சியாளர் சிலர் அதன் காரணத்தை ஆராய்ந்தனர். தன் கை செய்யப்போவதைச் சிறுமூளை முன்னரே கணித்து அவ்வுணர்ச்சியைத் தணித்துவிடுகின்றது என்பது அவர் கண்ட முடிபு. ஆகவே உடம்பு கூசுதற்குப் பிறர் கை வேண்டும். மனங் கூசுதற்கு அது வேண்டுவதில்லை. அன்றிரவு பாயிற் படுத்திருந்தபோது என் மனத்தைக் கூசப்பண்ணியவர் எவருமிலர்.

எங்கள் பாட்டிமார் இவ்விளையாட்டை எவ்வாறு ஆடினர் என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் குழந்தையைப் பிடித்து வைத்துக் கமக்கட்டிற் கை வைக்கவில்லை. குழந்தை உள்ளங்கையைத் தானே நீட்டும். அதிற் பருப்புக் கடைவர்; கடைந்ததைப் பங்கிடுவர்; அதன் பின்னரே நண்டூருது நரியூருது என்று விரல்கள் மணிக்கட்டிலிருந்து மெல்ல மெல்ல மேலேறும். கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கு நண்டின் நடையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை. விரல் முழங்கையை எட்டுமுன்னரே சிரிப்புத் தொடங்கிவிடும். வேண்டாமென்றாற் கையை இழுத்துக்கொள்ளலாம். பாட்டி அதனைப் பின்தொடராள். ஒருவேளை மேனியைத் தீண்டாமலே ஆட்டம் முடிந்துபோவதும் உண்டு. அச்சிரிப்பைத் தொல்காப்பியர் கேட்டிருப்பின் ‘இளமை’ என்பதனுட் சேர்த்திருப்பார் என்றே எண்ணுகின்றேன்.

மறுநாட் காலை பேத்தி என் பக்கம் வரவில்லை. நானும் அழைக்கவில்லை. திண்ணையில் அமர்ந்து என் உள்ளங்கையில் நானே பருப்புக் கடைந்துகொண்டிருந்தேன். கதவோரம் நின்று நெடுநேரம் பார்த்தவள், பிறகு வந்து தன் கையை நீட்டினாள். நண்டு முழங்கை வரை ஊரலாம், அதற்கு மேலே கூடாது என்பது அவள் விதித்த எல்லை.