கழுத்தில் நெறி கட்டினால்... 'குமிழி ஸ்கேன்' என்ன சொல்லும்?

சொத்தைப் பல், தொண்டைப் புண், தலையில் சிரங்கு... இப்படி ஏதாவது வந்தால் பிள்ளைகளுக்குக் கழுத்தில் நெறி கட்டுவது சகஜம். சில நாளில் தானாக வற்றிவிடும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் கரையாமல், வலியும் இல்லாமல், ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக நிற்கிறதா? சாயங்கால ஜுரம், எடைக் குறைவு என்று சேர்ந்துகொண்டதா? டி.பி.யா என்று பார்த்தே ஆக வேண்டும்.

"டி.பி.ன்னா இருமல் வரணுமே டாக்டர், இவளுக்கு இருமலே இல்லையே!" என்பார்கள். நுரையீரலுக்கு வெளியே டி.பி. அதிகம் குடியேறும் இடங்களில் முக்கியமானது கழுத்து நிணநீர் முடிச்சுகள்தான். மாலை கோத்ததுபோல் வரும் இந்தக் கட்டிகளைப் பழைய வைத்தியர்கள் 'கண்டமாலை' என்றார்கள்.

சிக்கல் என்னவென்றால், புற்றுநோயும் இதே இடத்தில் கட்டியாக வரும். சாதாரண அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் கட்டியின் அளவையும் வடிவத்தையும் சொல்லும். உள்ளே எது உயிரோடிருக்கிறது, எது செத்துவிட்டது என்பதைத் தெளிவாகக் காட்ட வந்ததுதான் 'கான்ட்ராஸ்ட் அல்ட்ரா சவுண்ட்'.

கையில் ஊசி போட்டு ரத்தக் குழாய்க்குள் ஒரு திரவத்தைச் செலுத்துகிறார்கள். அதில் இருப்பது கோடிக்கணக்கான நுண்குமிழிகள்! சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற வாயுவை மெல்லிய கொழுப்புத் தோலுக்குள் அடைத்தவை. ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை என்பதால் மிக நுண்ணிய குழாயிலும் புகுந்துவிடும். குழாயை விட்டு வெளியே கசியாது. ரத்தம் போகும் இடமெல்லாம் திரையில் பளிச்சென்று ஒளிரும். போகாத இடம் கறுப்பு.

டி.பி. கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் செத்து, பனீர் உதிர்த்ததுபோல் ஆகியிருக்கும். அதனால் விளிம்பு மட்டும் வளையமாக ஒளிரும். சாதாரணத் தொற்றால் கட்டிய நெறி என்றால் பெரும்பாலும் முழுதும் ஒரே சீராக ஒளிரும்.

வளையம் தெரிந்தாலே டி.பி. மருந்தை ஆரம்பித்துவிடலாமா? கூடாது! வேறு இடத்திலிருந்து பரவிய புற்றுநோய்க் கட்டியும் நடுவில் செத்துப்போய் இதே வளையத்தைக் காட்டலாம். என்னைக் கேட்டால், ஊசியை எங்கே குத்துவது என்று வழிகாட்டுவதுதான் இந்த ஸ்கேனின் பெரிய உபயோகம். செத்த பகுதியை மட்டும் எடுத்தால் பயாப்ஸி ரிப்போர்ட் 'ஒன்றும் சொல்ல முடியவில்லை' என்று வரக்கூடும். மறுபடி ஒரு ஊசி. ஒளிரும் விளிம்பிலிருந்து எடுத்தால் விடை கிடைக்க வாய்ப்பு அதிகம். சீழ் வந்தால் அதையும் கல்ச்சருக்கும் 'சிபிநாட்' டெஸ்ட்டுக்கும் அனுப்புவார்கள். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சிபிநாட் சொல்லிவிடும்.

கதிர்வீச்சு கிடையாது. வாயு சில நிமிடங்களில் மூச்சோடு வெளியேறிவிடுவதால் சிறுநீரகத்துக்கும் சுமையில்லை. அபூர்வமாக அலர்ஜி வரலாம். இதய நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லா ஊரிலும் இந்த வசதி இருக்காது. கவலை வேண்டாம், சாதாரண ஸ்கேனைப் பார்த்தபடியே ஊசியில் எடுத்தாலும் பலருக்கு விடை கிடைத்துவிடும். ஆனால் வெறும் சீழ்க்கட்டி என்று நினைத்து யாரிடமாவது கீறிவிட்டுக்கொள்ளாதீர்கள். டி.பி. கட்டியாக இருந்தால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் கசியும்.

டி.பி. உறுதியானால் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். பெரும்பாலும் ஆறு மாதம். மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். நுரையீரலில் நோய் இல்லையென்றால் கழுத்துக் கட்டி இருமல், தும்மலில் பரவாது. தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம். மருந்து சாப்பிடும்போதே சிலருக்குக் கட்டி பெரிதாகும். "மருந்து கேக்கலை"ன்னு நிறுத்திடாதீங்க. செத்த கிருமிகளோடு உடம்பு மல்லுக்கட்டுவதால் வரும் வீக்கமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டினால் பார்த்துச் சொல்லுவார்.