வரலாற்றில் 'நாம்' யார்?

கொல்கத்தாவின் அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தை வங்காளியர் 'ஜாதீய கிரந்தாகார்' என்று வழங்குகின்றனர். தமிழகத்திலிருந்து புதிதாக வந்தவர் இதைக் கேட்டால், சாதிக்கென்று ஒரு நூலகமா எனத் திடுக்கிடக்கூடும். வங்க மொழியில் 'ஜாதி' என்னும் சொல் குலத்தையும் குறிக்கும், தேச மக்களையும் குறிக்கும். பிறப்பு என்பதே அதன் வேர்ப்பொருள். விந்தை என்னவெனில், 'நேஷன்' என்ற சொல்லும் பிறத்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்ததேயாம்.

நம் 'நாடு' வேறு வழியில் வந்தது. சோழர் கல்வெட்டுக்களில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த சிறு பகுதி. அச்சொல்லில் இன்றைய தேசபக்தியை ஏற்றிப் படிப்பவர், அக்கால உழவன் கனவிலும் கருதாத ஒன்றை அவன் வாயில் புகுத்தியவராவார்.

1808-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரிப் பண்டிதர் மிருத்யுஞ்சய வித்யாலங்காரர் 'ராஜாபலி' என்னும் வங்க உரைநடை நூலை வெளியிட்டார். யுதிஷ்டிரர் முதல் கும்பெனியார் வரை ஆண்டவர்களின் வரலாறு அது. அதில் அரசர் உண்டு, அவரவர் செய்த தருமமும் அதருமமும் உண்டு. 'நாம்' என்று பேசும் மக்கள் இல்லை. சுதந்தரத்தை இழந்தோமே என்ற ஏக்கமும் இல்லை.

1872-இல் 'வங்கதரிசனம்' இதழைத் தொடங்கிய பங்கிம் சந்திரரிடம் அந்த 'நாம்' வந்துவிடுகிறது. வங்காளிக்கு வரலாறு வேண்டும், அதை வங்காளியே எழுதவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஆனால் அவருடைய 'நாம்' ஓரிடத்தில் வங்காளியர், ஓரிடத்தில் பாரதத்தார், மற்றோரிடத்தில் இந்துக்கள் மட்டும். இதை வெறும் சொற்குழப்பம் என்று தள்ளிவிட இயலாது. அந்த வட்டத்துக்குள் நிற்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்ற வினா 1905-இலும் 1947-இலும் இம்மாநிலத்தையே பிளந்தது.

இது நம் வீட்டு வாசலுக்கும் வரும் வினாதான். ஏறத்தாழ 1022-இல் இராஜேந்திர சோழனின் படை கங்கைக் கரை வரை வந்தது. திருமலைக் கல்வெட்டு வங்காள தேசத்தையும் மகிபாலனையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. லேக் மார்க்கெட் பக்கத்தில் வளரும் தமிழ்ச் சிறுவனுக்கு, "நாம் மகிபாலனை வென்றோம்" என்று பெருமையுடன் சொல்லிக் கொடுக்கிறோம். அவன் வங்கத் தோழனோ அதே மகிபாலனைத் தன் முன்னோன் என்று படிக்கிறான். போரிட்ட படைகளுக்குத் தமிழ்த் தேசம், வங்கத் தேசம் என்ற எண்ணமே இருந்ததாகத் தெரியவில்லை. அவை அரசனுக்காகப் போரிட்டன. வென்றவன் சோழன் என்று சொன்னால் வரலாறு பிழைபடாது. சிறுவர் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கலாம்.