தற்காப்புக் கலை: நம் பிள்ளைகளுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?



கோடை விடுமுறை நெருங்கும்போது ஆலிம்களிடம் வழக்கமாக வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், பையனைக் கராத்தேயில் சேர்க்கலாமா? அங்கே குனிந்து வணக்கம் வைக்கச் சொல்கிறார்களாமே?" சில வருடங்களாக இதோடு இன்னொரு கேள்வியும் வருகிறது: "பெண் பிள்ளைக்கு எது நல்லது?" இரண்டுக்கும் 'கூடும், கூடாது' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. மார்க்கம் என்ன சொல்கிறது, ஒவ்வொரு கலையும் எதைக் கற்றுத் தருகிறது, பயிற்சி நடக்கும் இடம் எப்படிப்பட்டது என்று மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மார்க்கத்தின் பார்வை

உடல் வலிமையை இஸ்லாம் விரும்புகிறது. பலவீனமான முஃமினைவிட பலமான முஃமின் அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானவர், ஆனாலும் இருவரிடமும் நன்மை இருக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு நடத்தியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்கவும் இடமளித்தார்கள். இது புகாரியில் உள்ள செய்தி.

அதேபோல், எதிரியைக் கீழே வீழ்த்துபவன் வீரன் அல்ல, கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்ற கருத்திலும் நபிமொழி உண்டு. சண்டையிட நேர்ந்தால் முகத்தில் அடிக்காதீர்கள் என்றும் தடுத்திருக்கிறார்கள். ஆக, பலம் வேண்டும், அதற்கு வரம்பும் வேண்டும். எந்தக் கலையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டும் நம் அளவுகோலாக இருக்கட்டும்.

எந்தக் கலை எதைத் தருகிறது?

சிலம்பம்: நம் மண்ணின் கலை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. ஒரு கம்பும் கொஞ்சம் வெட்டவெளியும் இருந்தால் போதும், செலவு குறைவு. கால் அசைவு, எதிரிக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைக் கணிப்பது, இரண்டு கைகளையும் பயன்படுத்துவது ஆகியவை நன்றாகப் பழகும். ஒருவர் மேல் ஒருவர் படாமல் பயிற்சி செய்யலாம் என்பது நமக்குக் கூடுதல் வசதி. குறை என்னவென்றால் பேருந்திலோ கல்லூரியிலோ கையில் கம்பு இருக்காது. எனவே வெறுங்கையால் செய்யும் குத்துவரிசையையும் சேர்த்துச் சொல்லித் தரும் ஆசானைத் தேடுங்கள்.

கராத்தே, டேக்வாண்டோ: சிறிய ஊர்களிலும் வகுப்பு கிடைக்கிறது. கராத்தே ஜப்பானின் ஒக்கினாவா தீவில் வளர்ந்தது. கைக்கும் காலுக்கும் வேலை உண்டு. டேக்வாண்டோ கொரியாவைச் சேர்ந்தது, காலால் உதைப்பதே அதில் பிரதானம். சிறு பிள்ளைகளுக்கு ஒழுங்கும் உடல் வளைவும் வரும். ஆனால் காற்றில் குத்துவதையும் உதைப்பதையும் மட்டும் வருடக்கணக்கில் பழகினால் ஆபத்தில் அது உதவாது. எதிரில் ஒரு ஆளை நிறுத்தி, பாதுகாப்புக் கவசத்தோடு மோதவிட்டுப் பழக்குகிறார்களா என்று கேளுங்கள்.

ஜூடோ, ஜூஜிட்சு, மல்யுத்தம்: ஜூடோவை 1882-இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ உருவாக்கினார். பிடியிலிருந்து விடுபடுவது, பெரிய ஆளைச் சாய்ப்பது, அடிபடாமல் விழுவது இவற்றின் சிறப்பு. இவற்றில் முகத்தில் குத்துவது கிடையாது. நாம் மேலே பார்த்த நபிமொழிக்கு இது நெருக்கமானது. வளைகுடாவில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு ஜூஜிட்சு புதிதல்ல, அபுதாபி பள்ளிக்கூடங்களிலேயே அதைக் கற்றுத் தருகிறார்கள். இவை உடலோடு உடல் கட்டிப் பிடிக்கும் கலைகள் என்பதை மறக்கக் கூடாது. ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் மட்டுமே பயில முடியும்.

சிலாட்: மலேசியா, சிங்கப்பூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது பக்கத்திலேயே கிடைக்கும். மலாய் முஸ்லிம்களிடையே வேரூன்றிய கலை என்பதால் உடை, தொழுகை நேரம் போன்றவற்றில் சிரமம் குறைவு.

குத்துச்சண்டை: வேகம், மூச்சு, அடியைத் தாங்கும் துணிச்சல் ஆகியவற்றில் இது வலுவான பயிற்சி. ஆனால் முகத்தையும் தலையையும் குறிவைத்து அடிப்பது இதன் அடிப்படை. 1987-இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில், எதிராளிக்குக் கடும் காயம் விளைவிப்பதை அனுமதிக்கும் குத்துச்சண்டைப் போட்டி ஹராம் என்று தீர்மானித்தது. முஹம்மது அலீ அவர்களுக்கு 42 வயதிலேயே பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டதும், தலையில் வாங்கிய அடிகளோடு அது சேர்த்துப் பேசப்பட்டதும் உலகம் அறிந்தவை. மணல் பையில் குத்திப் பழகுவதும் கால் அசைவுப் பயிற்சியும் வேறு விஷயம், அவற்றில் யாருடைய முகமும் காயப்படுவதில்லை. மோதலில் இறங்கும் எண்ணம் இருந்தால் உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வணக்கமும் உடையும்

ஒருவரைச் சந்திக்கும்போது அவருக்காகக் குனியலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது கூடாது என்றார்கள். முஸாஃபஹா செய்வதை அனுமதித்தார்கள். திர்மிதீயில் வரும் இந்த ஹதீஸின் அடிப்படையில், ருகூஉ போலக் குனிவதை உலமாக்கள் தடுக்கிறார்கள். அது மரியாதைக்காகத்தானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைப்பது, நிறுவனரின் படத்துக்கு வணக்கம் செய்வது, கம்பையோ மண்ணையோ தொட்டு வணங்குவது ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இதற்காக வகுப்பையே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. சேர்க்கும் முன்பே மாஸ்டரிடம் மரியாதையாகப் பேசுங்கள். "எங்கள் மார்க்கத்தில் இறைவனுக்கு மட்டுமே குனிவோம். பிள்ளை நெஞ்சில் கை வைத்து உங்களுக்கு மரியாதை செலுத்துவான்" என்று சொன்னால் புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். பிள்ளையை அனுப்பிவிட்டு அவனே சமாளித்துக்கொள்ளட்டும் என்று விடுவதுதான் தவறு. பத்து வயதுப் பிள்ளையால் இருபது பேர் நடுவில் தனியாக நிற்க முடியாது.

பெண் பிள்ளைகளுக்குத் தளர்வான உடையும் தலை மறைப்பும் வேண்டும். கராத்தே, டேக்வாண்டோ ஆகியவற்றின் சர்வதேசப் போட்டிகளிலேயே தலையை மறைத்து விளையாட அனுமதி இருக்கும்போது, உள்ளூர் வகுப்பில் முடியாது என்று சொல்வதற்குக் காரணம் இல்லை. பருவமடைந்த பெண்களுக்குப் பெண் ஆசிரியையும் தனி இடமும் அவசியம். ஒரு மஹல்லாவில் பத்துப் பெண் பிள்ளைகள் சேர்ந்தால் ஜமாஅத்தின் மண்டபத்தில் வாரம் இரண்டு நாள் வகுப்பு நடத்தலாம். நிர்வாகிகள் இதை யோசிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு கசப்பான உண்மை

தற்காப்பு என்றதும் இருட்டான தெருவில் வரும் அந்நியன்தான் நம் நினைவுக்கு வருகிறான். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பார்த்தால், நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், சொல்லிக் கொடுப்பவர் என்று யாராகவும் இருக்கலாம்.

அங்கே உதையோ குத்தோ முதல் பாதுகாப்பு அல்ல. "மாமா அப்படித் தொட்டார்" என்று பிள்ளை வந்து சொன்னால், "சும்மா இரு, வெளியே சொல்லாதே" என்று வாயை அடைக்காத தாயும் தகப்பனும்தான் முதல் பாதுகாப்பு. 'மாட்டேன்' என்று உரக்கச் சொல்லவும், அந்த இடத்தை விட்டு ஓடவும், நம்பிக்கையானவரிடம் உடனே சொல்லவும் கற்றுக் கொடுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 181 பெண்கள் உதவி எண், 112 அவசர உதவி எண் ஆகியவை மனப்பாடமாக இருக்கட்டும். பயிற்சி வகுப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பெற்றோர் வந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் ஆணோ பெண்ணோ எந்தப் பிள்ளையையும் சேர்க்காதீர்கள்.

எவ்வளவு தூரம் அடிக்கலாம்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமையைப் பேசுகிறது. தற்காப்புக்காகச் செய்வது குற்றமாகாது. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தாக்க உரிமை இல்லை. காவல்துறையை அணுக நேரம் இருந்தும் நாமே கை வைத்தாலும் அந்த உரிமை கிடையாது. கீழே விழுந்தவனை மறுபடி மறுபடி அடித்தால் அது தற்காப்பு அல்ல, தாக்குதல்.

ஃபிக்ஹும் இதையே சொல்கிறது. தாக்க வருபவனைச் சிறிய வழியில் தடுக்க முடிந்தால் பெரிய வழிக்குப் போகக் கூடாது. பொருளைக் காக்கப் போராடி உயிர் நீத்தவர் ஷஹீத் என்று ஹதீஸ் இருக்கிறது. ஆனாலும் பொருளுக்காகப் போராடுவது அனுமதிக்கப்பட்டதே தவிர கட்டாயம் அல்ல என்பது பெரும்பாலான ஃபுகஹாக்களின் விளக்கம். கத்தியைக் காட்டி செல்போனைக் கேட்பவனிடம் போனைக் கொடுத்துவிட்டு உயிரோடு வீடு வரும் மகன் கோழை அல்ல. இதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கொஞ்சம் பழகிய வாலிபர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சேர்க்கும் முன் பாருங்கள்

1. முதலில் ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் திட்டுகிறாரா, திருத்துகிறாரா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

2. கேட்ட காசுக்கு மாதம் ஒரு பெல்ட் தரும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். கறுப்புப் பெல்ட்டுக்குச் சில வருட உழைப்பு வேண்டும்.

3. அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் முடிகிறதா, அல்லது தொழ இடைவேளை தருவார்களா என்று கேளுங்கள். மக்தப் நேரத்தோடு மோதவும் கூடாது.

4. காயம் ஏற்பட்டால் என்ன செய்வார்கள், முதலுதவி இருக்கிறதா என்று பாருங்கள்.

5. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? தூரத்தில் உள்ள சிறந்த வகுப்புக்கு இரண்டு மாதம் போய் நிறுத்துவதைவிட, பக்கத்தில் உள்ள நல்ல வகுப்புக்கு மூன்று வருடம் போவது மேல்.

எந்தக் கலை என்று இன்னும் குழப்பமாக இருந்தால், உங்கள் ஊரில் நல்ல மனிதர் எதைக் கற்றுத் தருகிறாரோ அதில் சேருங்கள். சிலம்பமோ ஜூடோவோ, பிள்ளை ஆசானிடமிருந்து அவருடைய குணத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டு வருவான். பயிற்சி தொடங்கிய பின் வீட்டில் தம்பியை அடிக்கிறானா, பள்ளியில் வம்புக்குப் போகிறானா என்று கவனியுங்கள். அப்படியானால் அவன் கையைப் பழக்கியிருக்கிறான், நஃப்ஸைப் பழக்கவில்லை. அந்தப் பாடத்தை மாஸ்டரும் பெற்றோரும் சேர்ந்துதான் நடத்த வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு வலிமையையும், அதை வரம்போடு பயன்படுத்தும் பக்குவத்தையும் அல்லாஹ் தருவானாக! அவர்களை எல்லாத் தீங்குகளிலிருந்தும் பாதுகாப்பானாக! ஆமீன்.